விலையுள்ள நூலும் விலக்கப்பட்ட உரிமையும்: ‘ஹிந்த் ஸ்வராஜ்’ பரவிய முறை குறித்து

எழுத்தைப் பொதுநலம் கருதி இலவசமாக வழங்குதல் என்று பேசும்போது இருவேறு செயல்கள் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிடுகின்றன. வாசகரிடம் பணம் வாங்காமல் நூலைக் கொடுப்பது ஒன்று. நூலை மறுபடி அச்சிடவும் மொழிபெயர்க்கவும் விற்கவும் தனக்கு மட்டுமே உள்ள உரிமையை, அதாவது பதிப்புரிமையை, எழுதியவர் விட்டுக்கொடுப்பது மற்றொன்று. முன்னதை விலைத்துறப்பு என்றும் பின்னதை உரிமைத்துறப்பு என்றும் இக்கட்டுரை வழங்கும். குடிமக்களைப் பொதுச்செயலுக்கு ஈர்த்த எழுத்துகளின் வரலாற்றில் பெரும்பங்கு வகித்தது உரிமைத்துறப்பே என்பதும், விலைத்துறப்பு அதற்கு இன்றியமையாத துணையன்று என்பதும், சில வேளைகளில் அது தடையாகவும் கூடும் என்பதும் காந்தியின் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலின் பதிப்பு வரலாற்றிலிருந்து தெளிவாகின்றன.

1909 நவம்பர் 13 முதல் 22 வரை, இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் ‘கில்டோனன் காசில்’ கப்பலில், கப்பலின் கடிதத்தாள்களிலேயே, வலக்கை ஓய்ந்தபோது இடக்கையாலும் குஜராத்தியில் எழுதப்பட்ட இந்நூல், அவ்வாண்டு டிசம்பரில் காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் இரு வெளியீடுகளில் வந்து, 1910 சனவரியில் அவருடைய ஃபீனிக்ஸ் குடியிருப்பின் அச்சகத்தில் நூலாயிற்று. மார்ச்சில் பம்பாய் அரசு குஜராத்திப் பதிப்பைத் தடைசெய்தது. காந்தி காலந்தாழ்த்தாமல் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார்; அதில் எந்த உரிமையும் ஒதுக்கிவைக்கப்படவில்லை என்ற அறிவிப்பு இடம்பெற்றது. உரிமைகள் அனைத்தும் தமக்கே என்று பதிப்பாளர்கள் வழக்கமாக அச்சிட்ட வாசகத்தை நேரெதிராகத் திருப்பிப் போட்ட அவ்வறிவிப்பை ஒரு துறவியின் பெருந்தன்மை என்று மட்டும் படிப்பது அதன் அரசியற் கூர்மையைத் தவறவிடுவதாகும்.

அன்றைய அச்சுச் சட்டங்களின் போக்கை நோக்கினால் இது விளங்கும். 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்கவேண்டும் என்றது; 1910-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் அச்சகத்தாரிடம் பிணைத்தொகை கேட்கவும், அரசுக்கு ஒவ்வாதது வெளிவந்தால் அத்தொகையைப் பறிக்கவும் வழிசெய்தது. எழுத்து எங்கோ ஓரிடத்திலிருந்து புறப்படுகிறது, அவ்விடத்தைப் பிடித்தால் எழுத்து நின்றுவிடும் என்பதே இச்சட்டங்களின் அடிப்படை நம்பிக்கை. பதிப்புரிமையும் தன் நோக்கில் வேறாயினும், ஓர் எழுத்துக்கு ஓர் உடைமையாளர், ஒரு பதிப்பகம் என்று மையப்படுத்தும் அமைப்பே. ஆகவே அவ்வுரிமையை விடுவது, அரசு கைவைப்பதற்கு வாகான மையத்தைக் கலைத்து, அச்சுக்கோக்கத் தெரிந்த எவரையும் பதிப்பாளராக்குவதாகும். பேரரசு எங்கும் சிறு இதழ்கள் ஒன்றிலிருந்து ஒன்று செய்திகளை எடுத்தாண்டு வளர்ந்த சூழலில் தோன்றியது ‘இந்தியன் ஒப்பீனியன்’. எடுத்தாளுதலை அங்கு எவரும் திருட்டாகக் கருதவில்லை.

இந்நோக்கு காந்தியிடம் தனித்து முளைத்ததன்று. 1776 சனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் வெளிவந்த ‘பொது அறிவு’ என்னும் துண்டுநூலின் ஆசிரியர் தாமஸ் பெய்ன், தம் பங்கு இலாபத்தைக் கியூபெக் போர்முனைப் படைவீரர்களின் கையுறைகளுக்கு ஒதுக்கினார். முதற்பதிப்பாளர் இலாபமே இல்லை என்று கைவிரித்தபின் வேறு அச்சகத்தாரிடம் பாதி விலையில் புதிய பதிப்பைக் கொடுத்து, பிறரும் அச்சிட இடந்தந்தார். தோல்ஸ்தோய் 1891-இல், தாம் 1881-க்குப் பின் எழுதியவற்றை எவரும் ஊதியமின்றி வெளியிடலாம் என்று செய்தித்தாள்களில் அறிவித்தார். அந்த முடிவு அவர் இல்லத்தில் எழுப்பிய பூசல் ஊரறிந்தது. துறப்பவர் ஒருவர், அதன் இழப்பைச் சுமப்பவர் பலர் என்பதை மறைக்காமல் காட்டியதும் அதுவே. அவரே 1899-இல் ‘புத்துயிர்ப்பு’ நாவலை, கனடாவுக்குக் குடிபெயர்ந்த துகபோர் சமயத்தாருக்கு உதவும்பொருட்டு விலைபேசி விற்றார் என்பது, உரிமைத்துறப்பை அவர் மாறாத சமய விதியாகக் கொள்ளாமல், நோக்கத்துக்குக் கட்டுப்பட்ட கருவியாகக் கையாண்டார் என்பதற்குச் சான்று. காந்தி அதே கப்பற்பயணத்தில்தான் தோல்ஸ்தோயின் ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ என்பதைக் குஜராத்தியாக்கினார்.

விலை இருந்தும் உரிமை இல்லை என்ற இந்நிலை வாசகரை எவ்விதம் மாற்றியது என்பதே இங்கு ஆராயத்தக்கது. காந்தியின் அச்சகப் பணிகளை ஆராய்ந்த இசபெல் ஹாஃப்மெயர், மெதுவாக, பொறுமையாக, திரும்பத் திரும்பப் படிக்கும் பழக்கத்தைச் சத்தியாகிரகப் பயிற்சியின் ஒரு கூறாகவே காந்தி கருதினார் என்று 2013-இல் வெளிவந்த தம் நூலில் நிறுவுகிறார். அவ்வாதத்தை ஒருபடி மேலே கொண்டுசெல்ல இயலும். மறுஅச்சிடும் உரிமை வாசகர் கைக்கு வரும்போது, பரப்பாமல் இருப்பதும் அவருடைய முடிவாகிறது. நூல் பரவவில்லையே என்று அவர் பிறரைக் குறைகூற முடியாது. தடைசெய்யப்பட்ட நூலிலோ பிரதி எடுப்பதே குற்றமாகிறது. ஆசிரியர் தம் பங்கை விட்டுவிட்ட அதே இடத்தில் வாசகரின் பொறுப்பு தொடங்குகிறது. பெறுவதோடு முடிந்துபோகும் நன்கொடையிலிருந்து இது வேறுபடுகிறது. கையில் திணிக்கப்படும் துண்டறிக்கை பெரும்பாலும் தெருமுனையிலேயே விழுந்துவிடுவது ஏன் என்பதற்கும் ஒருவாறு விடை இதில் இருக்கிறது.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. உரிமையை விடுவதற்கு முதலில் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி வேண்டும். காந்தியை ஃபீனிக்ஸ் குடியிருப்பும் பின்னர் ஆசிரமங்களும் தாங்கின, தோல்ஸ்தோய்க்குப் பரம்பரை நிலம் இருந்தது. எழுத்தையே நம்பிய பாரதி 1920-இல் தம் நூல்களைப் பெருந்தொகையில் அச்சிட்டு விற்கக் கடன் வேண்டிச் சுற்றறிக்கை விட்டார், அம்முயற்சி கைகூடவில்லை. அவர் எழுத்துகளின் உரிமை 1949-இல் சென்னை அரசின் கைக்கு வந்து, பிறகு மக்களின் பொதுவுடைமையானபோது, அவ்விடுதலையை அளித்தவர் ஆசிரியரல்லர். அவர் மறைந்து கால்நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது. இம்மறுப்பை ஏற்றே ஆகவேண்டும்: உரிமைத்துறப்பு எழுத்தாளர் அனைவருக்கும் விதிக்கத்தக்க கடமையன்று. காந்தியே பிற்காலத்தில் தம் எழுத்துகளின் உரிமையை நவஜீவன் அறக்கட்டளைக்கு ஒப்படைத்தார். அவர் மறைந்த 1948-க்குப் பின் அறுபது ஆண்டுகள் நிறைந்து, 2009 சனவரி 1 முதல்தான் அவை பொதுவுரிமையாயின. இதைக் கொள்கை நழுவலாகக் காண்போர் உளர். ஆயினும் மொழிபெயர்ப்புகளின் சீர்மையும் நூல்களின் மலிவும் பேணப்பட ஒரு பொறுப்பான நிறுவனம் தேவைப்படும் காலமும், எவரும் எங்கும் அச்சிட்டால்தான் நூல் உயிர்பிழைக்கும் என்ற காலமும் ஒன்றல்ல என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இரண்டாவது வகைக் காலத்துக்கு 1919 ஏப்ரல் 6-ஆம் நாள் பம்பாய் மாலை சான்று. ரௌலட் சட்டத்தை எதிர்த்த அந்நாளில், சட்டமறுப்பு, அதாவது அநீதியான சட்டத்தை அறிவித்துவிட்டு மீறித் தண்டனையை ஏற்கும் முறை, நூல்விற்பனை வடிவில் நடந்தது. தடைசெய்யப்பட்டிருந்த ‘ஹிந்த் ஸ்வராஜ்’, ரஸ்கின் நூலைத் தழுவிய ‘சர்வோதயம்’ ஆகியவை மறுபடி அச்சிடப்பட்டு, காந்தியும் சரோஜினி நாயுடுவும் வண்டிகளில் சென்று விற்றனர். விலை நான்கணா. நான்கணா மட்டும் கொடுத்தவர் அரிது என்றும், பையிலிருந்ததை அப்படியே கொட்டியவர் பலர் என்றும், ஒரு பிரதிக்கு ஐம்பது ரூபாய் கிடைத்தது என்றும் காந்தி தம் சுயசரிதையில் பதிவுசெய்கிறார். வாங்குவோர் சிறைப்பட நேரலாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டனர். உரிமை துறக்கப்பட்ட ஒரு நூலுக்கு, கேட்ட விலைக்கு மேலும் கொடுத்து, கூடவே சிறையையும் எதிர்நோக்கி மக்கள் முன்வந்தனர் எனில், அவர்கள் வாங்கியது தாளையும் மையையும் அன்று. இலவசமாக விநியோகித்திருந்தால், நூலைக் கையில் பெற்றவர் தாம் கேட்டுப் பெறவில்லை என்று சொல்லித் தப்ப இடமிருந்திருக்கும். காசு கொடுத்ததால் அவ்வழி அடைபட்டது, வாங்கியவர் தம் விருப்பத்தால் குற்றவாளியானார்.

அரசு இதைப் புரிந்துகொண்டது போலும். விற்கப்பட்டவை தடைசெய்யப்பட்ட பதிப்பின் படிகள் அல்ல, புதிய பதிப்பு. ஆகவே குற்றமேதும் நிகழவில்லை என்று அது நிலையெடுத்தது. எவரும் கைதாகவில்லை. செய்தியறிந்தபோது பொதுவாக ஏமாற்றமே பரவியதாகக் காந்தி குறிக்கிறார்.