இரு திசை மின்னல்: சிற்றாற்றுப் படுகையில் மழையை வாசித்த வரலாறு

தென்னிந்திய மழையைப் பற்றி எழுத வருபவர் யாரும் ஹென்றி பிளான்ஃபோர்டைத் தொடாமல் நகர முடியாது. 1875இல் இந்திய அரசின் முதல் வானிலை அறிக்கையாளராகப் பொறுப்பேற்றவர் அவர். இமயப் பனிக்கும் அடுத்து வரும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை 1884இல் எழுதினார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ‘இந்தியாவின் மழை’ என்ற பெருந்தொகுப்பை வெளியிட்டார். அவருடைய பகுப்பில் மேற்குத்தொடர்ச்சி மலைக்கு மேற்கே மலபார், கிழக்கே கர்நாடகம் (இன்றைய மாநிலம் அல்ல, அன்று ‘கர்னாடிக்’ எனப்பட்ட கீழைச் சமவெளி). முன்னதற்குத் தென்மேற்குப் பருவமழை. பின்னதற்கு ஐப்பசி, கார்த்திகை மழை.

அந்தப் பகுப்பின் சாயல் இன்னும் போகவில்லை. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் சேர்ந்து ஒரே உட்பிரிவு. ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது என்று பள்ளிப் பாடம் சொல்வதும் இந்த முழுப்பரப்பின் சராசரியைத்தான்.

சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இது பொருந்தலாம். தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் வரும் சாலையில் இது பொருந்தாது. ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் ஈரக்காற்று ஆனி, ஆடியில் செங்கோட்டையையும் தென்காசியையும் நனைக்கிறது. அதுதான் குற்றாலத்துச் சாரல். கிழக்கே வர வர ஈரம் வற்றி, காற்று மட்டும் மிஞ்சுகிறது. பாவூர்சத்திரம் இந்த மாற்றத்தின் விளிம்பில் இருக்கிறது. அதைத் தாண்டிச் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போனால் காற்றாலைகள். சாரல் தராத காற்றுக்கும் கணக்கு வேண்டும் என்பதைப் பின்னாளில் உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் வானிலை அறிஞர் அன்னா மாணி. அவர் சக ஆய்வாளர் மூலேயுடன் சேர்ந்து தொகுத்த இந்தியக் காற்றாற்றல் தரவுநூல் 1983இல் வந்தது.

பிளான்ஃபோர்டுக்கு எதிரான வலுவான சாட்சி வயலில் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமைச் சம்சாரிக்கு நெல் இரண்டு போகம்: கார், பிசானம். கார், தென்மேற்குப் பருவத்தில் மலையில் பெய்து ஆற்றில் இறங்கும் நீரை நம்பியது. பிசானம் வடகிழக்கு மழையை நம்பியது. வயலில் ஒரு துளி விழாத ஆடியிலும் கார் நடவு நடக்கும். மழை விழுந்த இடம் வேறு, பயன்பட்ட இடம் வேறு. மழைமானியை மட்டும் நம்பும் வரைபடத்தில் இது தெரியாது. குற்றால மலையிலிருந்து கிழக்கே வரும் சிற்றாற்றில் அடுத்தடுத்து உள்ள அணைக்கட்டுகளையும் அவற்றின் கால்வாய்களையும் குளங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிளான்ஃபோர்டின் தரவுகளைக் குறைசொல்ல இடமில்லை, சிக்கல் எல்லைக்கோட்டில்தான். மலைமுகட்டை மதிலாகக் கொள்ளும் அந்த எல்லையை அன்றைய ஆட்சிப்பிரிவே மதிக்கவில்லை. மலைக்குக் கிழக்கே கிடந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் அதன் வழிவந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. பக்கத்துத் தென்காசி சென்னை மாகாணத்தில். ஒரே சாரலில் நனைந்த இரண்டு ஊர்களின் வருவாய்க் கணக்கும் நிர்வாகமும் இரண்டு அரசுகளிடம் பிரிந்து கிடந்தன.

பிளான்ஃபோர்டுக்கு முன்பே முகட்டில் ஏறி அமர்ந்த ஒருவரும் உண்டு. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன், 1855இல் அகத்தியமலையில் ஒரு கண்காணிப்பகம் அமைத்தார். காந்தப்புலத்தையும் வானிலையையும் மலையிலும் சமவெளியிலும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் நோக்கம். திருவிதாங்கூர் அரசரின் செலவில் நடந்த இந்த வேலையின் காந்த அளவைகள் 1874இல் நூலாயின. மலையைப் பிரிக்கும் கோடாகப் பார்க்காமல் அளக்க வேண்டிய இடமாகப் பார்த்த முயற்சி என்ற வகையில் அதற்குத் தனி மதிப்புண்டு.

பிரவுனுக்கும் முந்திய சான்று ஒன்று இலக்கியத்தில் கிடக்கிறது. சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரிதான் பழைய முக்கூடல். தாமிரபரணிக் கரையிலேயே மேற்கே உள்ள இன்றைய முக்கூடல் வேறு ஊர். அந்தப் பழைய முக்கூடலைக் களமாகக் கொண்டது ‘முக்கூடற் பள்ளு’. அதில் நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்கு அடையாளம் சொல்லும் பாட்டு பலருக்கும் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமாகியிருக்கும். மலையாளப் பக்கத்திலும் ஈழப் பக்கத்திலும் மின்னுகிறது. முந்தின நாளும் அன்றும் மரக்கொம்புகளைச் சுற்றிக் காற்று அடிக்கிறது. கிணற்றுத் தவளை கத்துகிறது. சேற்று நண்டு வளையை அடைக்கிறது. வானம்பாடிகள் கூட்டமாய் ஆடுகின்றன.

இதை இயற்கை வருணனை என்று சொல்லிப் பாடம் நடத்துவதே வழக்கம். ஆனால் அடுக்கைக் கவனிக்க வேண்டும். முதலில் இடி கேட்காத தொலைவிலும் கண்ணுக்குத் தெரியும் மின்னல், பிறகு ஊர்க்காற்று, பிறகு நீரிலும் சேற்றிலும் வானிலும் உள்ள உயிர்கள். காற்று இரண்டு நாளாகக் கவனிக்கப்படுகிறது. முடிவு மூன்றாம் நாளுக்குச் சொல்லப்படுகிறது. மழை வரும் என்பதோடு பாட்டு நிற்கவில்லை. ஆற்றில் வெள்ளம் என்கிறது. மலையில் பெய்வது சங்கமத்துக்கு வந்துசேர நேரம் பிடிக்கும் என்று அறிந்தவர்களின் பேச்சு அது. இரு திசையையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறை, மலபார், கர்நாடகம் என்ற இரட்டைப் பகுப்பைவிடப் படுகையின் நடப்புக்கு நெருக்கமானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மறுப்புகள் இருக்கின்றன. மழைக்குறி சொல்வது பள்ளு இலக்கியத்தின் மரபான உறுப்பு. ஒரு புலவர் கேட்டதை அழகாக அடுக்கியிருக்கலாம். நூலின் காலமும் உறுதியாகவில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பாரும் 18ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். இரண்டு மின்னலையும் இரண்டு பருவமழைகளுக்குக் குறியாகக் கொள்ளும் எளிய விளக்கமும் நிற்காது. கேரளத்தில் மின்னல் மிகுவது சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும்தான். சாரல் காலத்தின் நடுவில் மின்னல் குறைவு. ஆகவே பாட்டில் மேற்கே மின்னுவது குற்றாலத்துச் சீசன் ஆகாது. ஐப்பசி மாலைகளில் மலைமேல் திரளும் இடிமேகமும் கிழக்குக் கடலிலிருந்து வரும் மேகமும் ஒரே வேளையில் தென்படும் நாட்களையே அது குறித்திருக்க வேண்டும். பாட்டில் மாதம் இல்லை. எனவே இதுவும் ஊகம்தான். ஆனால் மின்னலின் பருவம் இந்த ஊகத்துக்கே இடம் தருகிறது.

அண்மை நிகழ்வுகள் இரண்டு திசைகளையும் தனித்தனியே காட்டின. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடலை ஒட்டி நிலைத்த சுழற்சியால் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாஞ்சோலை மலையிலும் பெருமழை. தாமிரபரணி கரை புரண்டது. அது கடல் பக்கத்து வெள்ளம். ஐந்தே மாதத்தில், 2024 மே 17 அன்று, பழைய குற்றாலம் அருவியில் மலையில் பெய்த கோடைமழை திடீர் வெள்ளமாக இறங்கி ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. முன்னதற்கு நாள் கணக்கில் எச்சரிக்கை தேவை. பின்னதற்கு நிமிடக் கணக்கில். ஒரே மாவட்டச் சராசரியோ ஒரே எச்சரிக்கை முறையோ இரண்டுக்கும் உதவாது.

திட்டமிடுவோருக்கு இப்போது ஒரு வசதி உண்டு. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. 2022இல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் அமைப்பை வைத்தது; மாவட்ட வன அலுவலர் அதன் காலநிலை அலுவலர். தென்காசியின் காலநிலைத் திட்டம் கணவாய், விளிம்பு, கிழக்குப் புஞ்சை என்று மூன்றையும் பிரித்துக் கணக்கெடுத்தால், கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் பாவூர்சத்திரம் சந்தையின் சம்சாரிக்கு அது பயன்படும். சின்ன வெங்காயம் நட்டவருக்கு மாவட்டச் சராசரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஊர்க்காரர்கள் சேர்ந்துகொள்ளும் வழிகளும் இருக்கின்றன. ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களாகக் குளக்கரைக்கு வருகிறார்கள். எந்தக் குளத்தில் நீர் நின்றது, எது மேடிட்டது என்பதற்கு அந்தப் பறவைக்கணக்கு மறைமுகப் பதிவு. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் குளத்தின் மடை, கரை, வரத்துக்கால் நிலையைத் தீர்மானமாகப் பதியலாம்.

பள்ளுப் பாட்டைச் சோதிக்கவும் இன்று வாய்ப்பிருக்கிறது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் மின்னல் விழும் இடங்களைக் கருவி வலையால் பதிகிறது. அதன் ‘தாமினி’ செயலி கைபேசியில் கிடைக்கிறது. பாவூர்சத்திரத்துப் பள்ளி ஒன்று ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் மின்னிய திசை, மறுநாள் மழைமானி அளவு, சிற்றாற்று அணைக்கட்டில் நீர் வந்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவரலாம். சில ஆண்டுப் பதிவு சேர்ந்தால், இரு திசையிலும் மின்னிய நாட்களுக்கு மறுநாள் ஆற்றில் உண்மையிலேயே நீர் கூடியதா, மேற்கில் மட்டும் மின்னிய நாட்களிலிருந்து அது வேறுபட்டதா என்று பார்க்க முடியும். வேறுபடவில்லை என்றால் மேலே சொன்ன ஐப்பசி ஊகத்தைக் கைவிட வேண்டியதுதான். கார், பிசானச் சான்று அப்போதும் நிற்கும்.