வீட்டு இசை வழங்கியின் வரலாறு

பேராக் ஆற்றங்கரையில் அமைந்த தெலுக் இந்தானுக்குச் செல்வோர் கண்ணில் முதற்கண் படுவது அந்நகரின் சாய்ந்த கோபுரமே. 1885ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்பவர் கட்டிய அக்கோபுரம் மணிக்கூண்டு மட்டுமன்று. வறட்சிக் காலத்திலும் தீப்பற்றிய காலத்திலும் உதவுதற்கென நீரைத் தேக்கிவைத்த தொட்டியும் ஆகும். வேண்டும்போது பிறர் கையை எதிர்பாராது, வேண்டுவதை முன்னரே தன்னிடத்தில் தேக்கிக்கொள்ளும் அறிவு அதன்கண் விளங்குகின்றது. நீருக்குப் பொருந்தும் இவ்வறிவு இசைக்கும் பொருந்துமோ என்பது ஆராயத்தக்கது.

தெலுக் அன்சன் என்று வழங்கிய அந்நகர் 1982ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்றது. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து அந்நகருக்கு இருப்புப்பாதை வந்தது. 1906இல் டென்மார்க்கு நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் அருகே செண்டராத்தாவில் இரப்பர்த் தோட்டம் தொடங்கினார். தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்த தமிழர், தம் பாட்டை நெஞ்சிலேயே சுமந்து வந்தனர். தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் அவ்வாறு வந்தவையே. பாடுவோர் உள்ளவரை அப்பாட்டு உண்டு. அவர் மறைந்தால் அதுவும் மறைந்தது.

பின்னர் இசைத்தட்டு வந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அத்தட்டு, பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டையே தாங்கியது. எனினும் விலை கொடுத்து வாங்கியவர்க்கு அது உடைமையாயிற்று. 1946இல் அமைந்த மலாயா வானொலியோ பாட்டை ஆறுபோல் ஓடவிட்டது. கேட்டு மகிழலாம், பிடித்து வைத்தல் இயலாது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாப் பேழை இவ்விரண்டையும் இணைத்தது. வானொலியில் ஓடிய பாட்டை வீட்டிலேயே பதிந்து வைக்கும் ஆற்றல் எளியவர்க்கும் கிட்டிற்று.

ஆயினும் இரப்பர் செம்பனைக்கு இடம் கொடுத்தது. தோட்டங்கள் பல கைமாறின. குடும்பங்கள் நகரங்களை நோக்கிப் பெயர்ந்தன. வீடு மாறுங்கால் முதலில் கழிக்கப்படுவன பழம்பெட்டிகளே அல்லவா? எஞ்சிய நாடாக்களையும் அந்நாட்டின் ஈரக்காற்று பூஞ்சணம் பிடிக்கச் செய்தது. ஒரு பாட்டின் இழப்பைப் பெரிதாகக் கருதாதோர் உளர். ஆனால், மணவிழாவில் பாட்டி பாடியதைப் பதிந்த நாடா ஒன்றே ஒன்றாயின், அதன் இழப்பை எக்கடையிலும் ஈடு செய்தல் இயலாது.

இன்று இசையை மாதக் கட்டணத்திற்கு அனுப்பும் நிறுவனங்கள் உள்ளன. ஸ்பாட்டிஃபை 2013இல் மலேசியாவிற்கு வந்தது. கோடிக்கணக்கான பாடல்கள் ஒரே இடத்தில் கிடைப்பது பெரும் நன்மையே. ஆனால் கட்டணம் நின்றால் பாட்டும் நிற்கும். உரிமையாளரோடு உடன்பாடு முடிந்தால் நேற்றிருந்த பாட்டு இன்று இராது. பாட்டி பாடிய பாட்டோ அப்பட்டியலில் என்றும் இடம்பெற்றதில்லை.

இக்குறையை நீக்குவதே வீட்டு இசை வழங்கி. பழைய கணினி ஒன்றிலோ, 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலோ பாடற்கோப்புகளைத் தொகுத்து வைத்து, வழங்கி மென்பொருளை நிறுவினால், வெளியூரில் இருக்கும் மகனும் தன் கைப்பேசியில் அவற்றைக் கேட்கலாம். ஆம்பாச்சி என்பது 2001இல் தோன்றிய முன்னோடி. அடுத்து சப்சோனிக் பெரும்புகழ் எய்தியது. 2016இல் அதன் புதிய பதிப்பின் மூலநிரல் மூடப்பட்டது. ஆயினும் முந்திய பதிப்புகள் பொது உரிமத்தின்கீழ் வெளிவந்தவையாதலின், அவற்றை மீட்டுக்கொள்ள எவராலும் இயலவில்லை. அவற்றினின்றே ஏர்சோனிக் கிளைத்தது. சப்சோனிக் வகுத்த உரையாடல் முறையைப் பின்பற்றிப் புதிதாக எழுதப்பட்ட நாவிட்ரோம் இன்று பலராலும் விரும்பப்படுகின்றது. எம்பி என்னும் மென்பொருள் மூடப்பட்டபோது, 2018இல் செல்லிஃபின் கிளைத்ததும் இவ்வாறே. உடையவர் கதவடைத்தாலும் ஊரார் கிணறு தூர்ந்துபோகாது என்பதே கட்டற்ற மென்பொருளின் சிறப்பு.

கொள்ளளவைக் கணக்கிடின் வியப்புத் தோன்றும். குறுந்தட்டின் தரத்தில் மூன்று நிமிடப் பாட்டு ஏறத்தாழ 32 மெகாபைட்டு ஆகும். 2001இல் முதற்பதிப்புக் கண்ட ஃபிளாக் முறை, ஒலியில் சிறிதும் குறையாமல் அதனைப் பெரும்பாலும் பாதியளவிற்குச் சுருக்கும். எம்பி3 முறையோ 128 கிலோபிட்டு வேகத்தில் 3 மெகாபைட்டிற்குள் அடக்கும். ஆனால் ஒலியின் நுண்கூறுகள் சில நீங்கும். ஆதலின் மூலத்தை ஃபிளாக்கில் வைத்து, அனுப்புங்கால் மட்டும் சுருக்கித் தருமாறு வழங்கியை அமைத்தலே தக்கது.

தமிழர்க்கு இங்குத் தனி இடர் ஒன்று உண்டு. 1996இல் எம்பி3 கோப்பின் இறுதியில் பாட்டின் பெயரைச் சேர்க்க வகுத்த முறை, தலைப்பிற்கு 30 பைட்டே ஒதுக்கியது. அதுவும் உரோமன் எழுத்துக்கே ஆனது. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். எனவே பழைய இடத்தில் பத்துக் குறியீடுகளே அடங்கும். இதனாலும் தமிழ்க் குறியாக்கங்கள் பலவாக இருந்ததாலும், பழைய தொகுப்புகளில் பெயர்கள் உரோமனிலோ, படிக்கவியலாக் குறிகளாகவோ கிடக்கின்றன. அவற்றைத் திருத்திப் பாடகர், இசையமைப்பாளர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதுதல் ஏடு பெயர்த்தெழுதுவதற்கு ஒப்பான தொண்டு. மாணவர்க்கு இதனைப் பயிற்சியாகவே தரலாம்.

எச்சரிக்கைகளும் சில உள. வன்தட்டு ஒருநாள் பழுதுறும். ஆகவே வேறோர் இடத்தில் ஒரு படியேனும் வேண்டும். வழங்கியை இணையத்தின் நடுவே திறந்துவிடாது, மறைகுறியிட்ட தனிவழியில் அணுகுதல் நன்று. பிறர் உரிமையுள்ள பாட்டை ஊர்க்கெல்லாம் பரப்புதல் பதிப்புரிமைச் சட்டத்திற்கு முரணாகும்; விலை கொடுத்துப் பெற்றதையும் வீட்டார் தாமே பாடியதையும் காத்தலே நோக்கமாதல் வேண்டும்.

தெலுக் இந்தான் கோபுரம் சாய்ந்ததே ஒழிய வீழவில்லை. ஊர் அதனைப் பேணுகின்றது. நாடாக்களோ அவ்வாறு காத்திரா. அவற்றை ஓட்டவல்ல கருவிகள் குறைந்து வருகின்றன. அவற்றில் பாடியவர் யார் என்று சொல்லவல்ல முதியோரும் குறைந்து வருகின்றனர். வழங்கியை எப்பொழுதும் நிறுவலாம். பெயர் கேட்டு எழுதும் பணிக்கோ காலம் சிறிதே உள்ளது.