தலைப்புக்கு யார் உடை தைப்பது?



ஊர் வரலாறு, பாடசாலை மலர் என்று தொகுத்து இணையத்தில் ஏற்றும் இளைஞர்கள் கேட்பதுண்டு: "சேர், எல்லாப் பக்கத்திலயும் தலைப்பு எழுத்தைப் பெரிசாக்க எத்தனை நாள் எடுக்கும்?" முறையாகச் செய்திருந்தால் ஐந்து நிமிடம் போதும். காரணம் ஒரு சின்ன வரலாறு.

1990களின் தொடக்கத்தில் டிம் பேர்னர்ஸ் லீ உருவாக்கிய எச்டிஎம்எல் மொழியில் "இது தலைப்பு" என்று மட்டும்தான் குறிக்கலாம். எழுத்துருவையும் அளவையும் உலாவியே தீர்மானித்தது. ஆட்களுக்கு அழகு தேவைப்பட்டது. நெட்ஸ்கேப் போன்ற உலாவிகள் எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்றும் கட்டளைகளைக் கொடுத்தன. விளைவு? ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியாக உடை தைக்க வேண்டியதாயிற்று.

1994 ஒக்டோபரில் ஹோகோன் வியம் லீ ஒரு தீர்வை முன்வைத்தார். பின்னர் பேர்ட் பொஸ் சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் அது சிஎஸ்எஸ் என்ற நியமமாக வெளிவந்தது. பாடசாலைச் சீருடை மாதிரித்தான்: விதி ஓரிடத்தில், அணிவது எல்லோரும்.

1995 மார்ச்சில் வார்ட் கன்னிங்ஹாம் முதலாவது விக்கியைத் திறந்தார். பலர் கூடி எழுதும் இடத்தில் ஆளுக்கொரு எழுத்துரு என்றால் சந்தைதான்! விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியில் வரியின் இருபுறமும் இரண்டு சமன் குறி இட்டால் அது தலைப்பு. அதன் தோற்றத்தை இடைமுக நிர்வாகிகள் 'மீடியாவிக்கி:கொமன்.சிஎஸ்எஸ்' என்ற ஒரே பக்கத்தில் மாற்றலாம். 2014 ஏப்ரலில் ஆங்கில விக்கிப்பீடியாவின் தலைப்புகள், முனைகளில் சிறு கோடுள்ள செரிப் எழுத்துக்கு மாறின. இலட்சக்கணக்கான கட்டுரைகளை யாரும் ஒவ்வொன்றாகத் திருத்தவில்லை.

இது வெறும் அழகு விடயமல்ல. பார்வையற்ற பிள்ளை திரைவாசிப்பான் மூலம் தலைப்புத் தலைப்பாகத் தாவித்தான் பக்கத்தைப் படிக்கிறது. தடித்த எழுத்தில் பெரிதாக்கிய வரி நம் கண்ணுக்குத் தலைப்பு. திரைவாசிப்பானுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். விக்கியின் பொருளடக்கத்திலும் அது சேராது.

பாமினியில் அடித்த பழைய மலர்களை நினைத்துப் பாருங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே தெரியாது, ஆங்கில எழுத்துக் குவியல்தான். தோற்றத்தை நம்பி வைத்த சொத்து அப்படித்தான் போகும்.

ஆகவே தம்பிமாரே, தங்கைமாரே, யுனிகோட்டில் அடியுங்கள். தலைப்பைத் தலைப்பு என்றே குறியுங்கள். வேர்ட் மென்பொருளிலும் அதற்கான 'ஹெடிங்' தெரிவு இருக்கிறது. நமக்குப் பின் வருபவர்கள் எழுத்துருவை விரும்பியபடி மாற்றிக்கொள்ளட்டும். ஊரின் கதை அவர்கள் கைக்கு முழுதாகப் போய்ச் சேர வேண்டும்.