படகின் பின்னே தொங்கும் எடை

சிறு படகின் பழைய எந்திரத்தை அகற்றிப் புதியதைப் பொருத்த முனைவோர் முதலில் கேட்பது குதிரைத்திறனை. கேட்க மறப்பது எடையை. அவுட்போர்டு எனப்படும் வெளிப்பொருத்து எந்திரத்தின் வரலாறோ எடையோடு நடந்த போராட்டமே எனலாம். அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொழில் நடத்திய ஓலே எவின்ரூட், 1909இல் தம் எந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். கேமரூன் வாட்டர்மன் என்பார் சில ஆண்டுகள் முந்தியவர் எனினும், இத்தொழிலை நிலைபெறச் செய்தவர் எவின்ரூடே. அவருடைய முதல் எந்திரத்தின் திறன் 1.5 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 28 கிலோ. கணக்கையும் விளம்பரத்தையும் கவனித்துவந்த மனைவி பெஸ்ஸின் உடல்நலம் குன்றவே, 1914இல் தம் பங்கை விற்று, ஐந்தாண்டுகள் இத்தொழிலில் இறங்குவதில்லை என உடன்பட்டார். பின்னர் அவர் அலுமினியத்தால் வடித்த புதிய எந்திரத்தைப் பழைய நிறுவனம் ஏற்க மறுத்தது. 1921இல் அதனை 'எல்டோ' என்ற பெயரில் தாமே வெளியிட்டார். திறன் 3 குதிரைத்திறன். எடையோ ஏறத்தாழ 22 கிலோதான். ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 19 கிலோவாக இருந்த சுமை, பன்னிரண்டே ஆண்டுகளில் 7 கிலோவாயிற்று.

இவை இருவீச்சு எந்திரங்கள். சுழலி ஒருமுறை சுற்றினாலே ஒருமுறை எரிதல் நிகழும், வால்வுகள் இல்லை, ஆதலால் எடை குறைவு. ஆனால் எரியாத எரிபொருளில் ஒரு பகுதி புகையோடு நீரில் கலந்துவிடும். 1964இல் ஹோண்டா நிறுவனம் நான்குவீச்சு எந்திரத்தோடு களமிறங்கியது. 1996இல் அமெரிக்க அரசு விதித்த புகைக் கட்டுப்பாடு காற்றை அதன் பக்கம் திருப்பியது. தூய்மைக்குத் தந்த விலை எடை: வால்வுகள், அவற்றை இயக்கும் தண்டு, தனி எண்ணெய்த் தொட்டி.

எந்திரம் மாற்றுவோரின் இடர் இங்கேதான் தொடங்குகிறது. இருவீச்சுக் காலத்தில் வடித்த படகின் பின்புறத்தில் அதே திறனுடைய நான்குவீச்சு எந்திரத்தை ஏற்றினால், பின்புறம் தாழ்ந்து முன்முனை எழும். தளத்து நீர் வடிய வைத்த துளைகள் வழியே வெளிநீர் உள்ளே புகவும் கூடும். மின்கலத்தையும் எரிபொருள் தொட்டியையும் முன்னே நகர்த்திச் சமன்செய்வது வழக்கம். வண்டிக்கு வள்ளுவர் சொன்ன அளவறியும் நெறி படகுக்கும் பொருந்துமன்றோ! எனினும் சிற்றெந்திரங்களில் இவ்விடர் தணிந்துவிட்டது, 2.5 குதிரைத்திறன் நான்குவீச்சு எந்திரம் இன்று 14 கிலோ அளவிலேயே கிடைக்கிறது.

எவின்ரூட் பெயரைத் தாங்கிய நிறுவனமோ இருவீச்சை எளிதில் விடவில்லை. எரிபொருளை நேரே உருளைக்குள் பீய்ச்சும் நுட்பத்தால் புகையைக் குறைக்க முயன்றது. 2000 டிசம்பரில் நொடித்தது. பாம்பார்டியர் நிறுவனத்தின் கைக்கு மாறியபின், 2003இல் 'இ-டெக்' எந்திரங்கள் வந்தன. 2020 மே மாதத்தில் அவற்றின் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. பெயர் மறைந்தது, எனினும் எல்டோ எழுப்பிய கேள்வி, படகுக்கு எந்திரம் மாற்றும் ஒவ்வொருவர் முன்னும் இன்றும் நிற்கிறது: இந்த விசைக்கு இவ்வளவு சுமை தகுமா?