கொற்கை மணலும் செவ்வாய்க் கழிமுகமும்

ஏரலுக்கு அருகிலுள்ள கொற்கைக்கு நீங்கள் சென்றதுண்டா? வயல்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூர் அது. ஊரில் நின்று பார்த்தால் கடல் கண்ணில் படாது. கிழக்கே சுமார் 6 கிலோமீட்டர் சென்றால்தான் மன்னார் வளைகுடாவைக் காணலாம். ஆனால் பாண்டியரின் புகழ்பெற்ற முத்துத் துறைமுகம் இவ்வூர்தான். ‘பெரிப்ளூஸ்’ என்ற பழைய கிரேக்கக் கடற்பயண நூலும், தாலமியின் நிலநூலும் இதைக் குறிப்பிடுகின்றன. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் இங்கு அகழ்ந்தனர். அப்போது கிடைத்த கரியைச் சோதித்ததில் கி.மு. 785 என்ற காலக் கணிப்பு வந்தது.

அப்படியானால் துறைமுகம் வயலுக்கு நடுவே எப்படி வந்தது? ஊர் நகரவில்லை, கடல்தான் விலகிப் போயிற்று. எப்படி விலகியது என்று தெரிந்துகொண்டால், பல கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள செவ்வாய்க் கோளின் நிலத்தையும் நம்மால் ஓரளவு படிக்க முடியும். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆறு சுமக்கும் சுமை

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. மலையில் அது வேகமாகப் பாய்கிறது. சமவெளியில் தளர்ந்து நடக்கிறது. கடலைச் சேரும் இடத்தில் அநேகமாக நின்றே விடுகிறது. ஓடும் நீரின் வேகம் குறையக் குறைய, அது சுமந்துவரும் பொருளைக் கீழே போட்டுவிட வேண்டியதுதான். முதலில் கற்கள் தங்கும், பின்னர் மணல், கடைசியில் மெல்லிய வண்டல். ஆண்டுதோறும் படிந்த இந்த வண்டலே கடலைச் சிறிது சிறிதாகக் கிழக்கே தள்ளிற்று.

இதில் இயற்பியல் மாணவர் கவனிக்க வேண்டிய பழைய விதி ஒன்று உண்டு. நீரின் வேகம் இருமடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை இருமடங்காவதில்லை. ஏறத்தாழ 64 மடங்காகும்! எனவே ஓரிடத்தில் கிடக்கும் கல்லின் பருமனைக் கண்டு, அங்கே ஒரு காலத்தில் நீர் எவ்வளவு வேகமாக ஓடியது என்று மதிப்பிடலாம். இந்த விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

1877: நிலத்தைப் படித்த இருவர்

‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதிய கால்டுவெல்லை நாம் மொழி அறிஞராகவே அறிவோம். அவர் மண்ணைத் தோண்டிப் பார்த்தவரும்கூட. கொற்கையிலும் காயலிலும் தாம் செய்த ஆய்வைப் பற்றி 1877இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடலிலிருந்து விலகிய நிலத்தில் சங்குகளும் சிப்பிகளும் கிடைப்பதைக் கண்டார். வண்டல் தூர்ந்து கொற்கை கடலை இழந்தது. வணிகம் கடலோரத்துக் காயலுக்கு மாறியது. மார்க்கோ போலோ குறிப்பிடும் அந்தக் காயலும் பின்னர் அதே கதிக்கு ஆளாயிற்று என்று அவர் முடிவு கட்டினார்.

அதே 1877இல் இத்தாலிய வானியலார் ஷியாபரெல்லி, தொலைநோக்கியில் செவ்வாயைக் கண்டு படம் வரைந்தார். அதில் நீண்ட கோடுகள் பல தெரிந்தன. அவற்றைக் கால்வாய்கள் என்றே பலர் எடுத்துக்கொண்டனர். அமெரிக்கரான பெர்சிவல் லோவல் இன்னும் ஒரு படி மேலே போனார். செவ்வாயில் வாழும் அறிவுள்ள உயிர்கள், துருவப் பனியை உருக்கி நீர் கொண்டுவர வெட்டிய கால்வாய்கள் அவை என்றார். பின்னர் அந்தக் கோடுகள் வெறும் கண்மயக்கு என்று தெளிவாயிற்று.

கொற்கையில் தோண்டிப் பார்க்க மண் இருந்தது. செவ்வாயில் கோடு மட்டுமே இருந்தது. வடிவத்தை மட்டும் நம்பினால் அறிவாளியும் ஏமாறலாம் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

கூழாங்கல்லின் சாட்சி

1965இல் மாரினர்-4 விண்கலம் செவ்வாயை அருகில் சென்று படமெடுத்தது. கால்வாய் இல்லை, சந்திரனில் உள்ளவை போன்ற பெருங்குழிகளே தெரிந்தன. செவ்வாய் செத்த உலகம் என்று பலரும் கைவிட்டனர். 1971 நவம்பரில் மாரினர்-9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அப்போது கோள் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. புழுதி அடங்கியதும் எரிமலைகளும், கிளை ஆறுகளோடு கூடிய வறண்ட பள்ளத்தாக்குகளும் வெளிப்பட்டன.

ஆனால் லோவலின் பாடத்தை மறக்கலாமா? எரிமலைக் குழம்பும் பள்ளம் அறுக்கும். சந்திரனில் அப்படிப்பட்ட வாய்க்கால்கள் உள்ளன. செவ்வாயில் பள்ளத்தாக்கை அறுத்தது நீரேதான் என்று சாட்சி சொல்ல வேண்டியது கல்.

அந்தச் சாட்சி 2012இல் கிடைத்தது. கேல் என்னும் பெருங்குழியில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, உருண்டு மழமழப்பான கூழாங்கற்கள் இறுகிக் கிடந்த பாறையைப் படமெடுத்தது. அவ்வளவு பெரிய கற்களைக் காற்றால் தூக்கிவர முடியாது. நீரில் உருண்டு ஒன்றோடொன்று மோதித்தான் அவற்றின் முனைகள் தேய்ந்திருக்க வேண்டும். கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழமுள்ள ஓடை அங்கே ஓடியது என்று கணக்கிட்டனர். பாபநாசத்தில் ஆற்றில் இறங்கினால் உங்கள் காலில் தட்டுப்படும் கூழாங்கல்லும் இதே முறையில் உருண்டதே.

தேரி தரும் எச்சரிக்கை

திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரிக்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். குதிரைமொழித் தேரியில் நின்றால் எங்கும் செம்மணல். மணலைக் குவித்தது காற்று. அதைச் சிவக்க வைத்தது ஒவ்வொரு மணலின் மேலும் படிந்துள்ள இரும்புத் துரு. செவ்வாயின் புழுதி சிவந்திருப்பதற்கும் இரும்பு ஆக்ஸைடுகளே காரணம். ஆனால், ‘தேரியே செவ்வாய்’ என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடக் கூடாது. செவ்வாயின் மணல்மேடுகள் பெரும்பாலும் எரிமலைப் பாறை பொடிந்த கருமணலால் ஆனவை. சனியின் துணைக்கோளான டைட்டனிலும் நீண்ட மணல்மேடுகள் உள்ளன. அங்கே ‘மணல்’ என்பது கரிமப் பொருளின் துகள். டைட்டனில் ஆறுகளும் உண்டு. அவற்றில் ஓடுவது நீரன்று, திரவ மீதேன்!

வேலை செய்யும் விதிகள் ஒன்றே. ஈர்ப்பு, காற்றழுத்தம், மூலப்பொருள் ஆகியவை மட்டும் உலகுக்கு உலகு மாறும். காற்றும் நீரும் இல்லாத சந்திரனிலோ விண்கற்கள் இட்ட குழிகள் பல நூறு கோடி ஆண்டுகளாக அழியாமல் இருக்கின்றன.

ஒரு நாள் வெள்ளம்

2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி, ஜெசிரோ என்ற பெருங்குழியில் இறங்கியது. அதன் அகலம் சுமார் 45 கிலோமீட்டர். 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஓர் ஏரி. அதில் ஓர் ஆறு கலந்தது. ஆறு விட்டுச்சென்ற கழிமுகம் இன்றும் அங்கே உள்ளது. அதன் அடுக்குகளை ஊர்தி படமெடுத்தது. கீழே, அமைதியான நீரில் சாய்வாகப் படிந்த மெல்லிய படிவுகள். மேலேயோ ஒரு மீட்டருக்கும் அதிக அகலமுள்ள பாறாங்கற்கள்!

இப்போது 64 மடங்கு விதியை நினைவுகூருங்கள். மெல்ல ஓடிய ஆறு அப்பாறைகளைக் கொண்டுவந்திருக்க முடியாது. ஏரியின் கடைசிக் காலத்தில் பெருவெள்ளங்கள் பாய்ந்தன என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர்.

அந்த முடிவை நெல்லைச் சீமையில் யாரும் எளிதில் நம்புவர். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது; குளங்கள் உடைந்தன; ஊர்கள் தீவுகளாயின. பல ஆண்டு வேலையை ஆறு ஒரே நாளில் செய்துவிடும் என்பதை அன்று கண்ணாரக் கண்டோம். நிலம் உருவாவதில் அன்றாட ஓட்டத்துக்கும் பங்கு உண்டு. அரிய வெள்ளத்துக்கும் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று சொல்வது படிவு அடுக்குகளே.

அதனால்தான் ஆற்றுமணலை வெறும் கட்டடப் பொருளாக எண்ணுவது தவறு. அள்ளிய மணலோடு, பழைய வெள்ளங்களின் பதிவும் போய்விடுகிறது. அடுத்த வெள்ளம் எவ்வளவு உயரும் என்று கணிக்க நமக்கு வேண்டிய பதிவு அது. ஜெசிரோவின் பக்கங்கள் 350 கோடி ஆண்டுகளாகக் கிழியாமல் இருக்கின்றன. நம் ஆற்றின் பக்கங்களை நாம் ஒரு தலைமுறையில் கிழித்துவிடலாம்.

அடுத்த விடுமுறையில் பாபநாசத்தில் ஒரு கூழாங்கல்லையும், ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு சிட்டிகை மணலையும், புன்னைக்காயலில் சிறிது வண்டலையும் எடுத்து ஒரு தாளின்மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஓர் ஆற்றின் வரலாறு உங்கள் முன் இருக்கும். செவ்வாயின் ஆறுகளைப் படிப்பதற்கும் அதுவே முதல் பாடம்.