தோட்டப் பாடசாலை மலர்களும் மீதரவும்

ஒரு வளத்தின் தலைப்பு, ஆசிரியர், மொழி, ஆண்டு ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் பதிந்து, அதைத் தேடியெடுக்க உதவும் குறிப்பு மீதரவு எனப்படும். இணைய வளங்களுக்கான பொது ஒழுங்கொன்று 1995இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநில டப்ளின் நகரப் பட்டறையில் உருப்பெறத் தொடங்கி, பின்னர் 15 கூறுகளாக நிலைபெற்றது. இலங்கையில் 2005இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், நூலக எண் முதல் பக்க எண்ணிக்கை வரை தமிழிலேயே குறிப்பெழுதியதோடு, இதழ்களின் உள்ளடக்கப் பட்டியலையும் தட்டச்சிட்டுச் சேர்த்தது. இதுவே அதன் அரிய பணியாகும், ஏனெனில் பாடசாலை மலருக்குத் தனி ஆசிரியர் இல்லாததால், தோட்ட வரலாறு பற்றி அதனுள் வெளிவந்த கட்டுரையை மலரின் தலைப்பைக் கொண்டு மட்டும் கண்டடைய இயலாது. மலையகத் தோட்டப் பகுதிகளான றொசல்ல, ஹற்றன் ஆகியவற்றைப் பொறுத்தவரை இடப்பெயருக்கும் தனிக்கூறு வேண்டும். ஏனெனில் 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்ட நிருவாகத்தின்கீழ் இயங்கிய பாடசாலைகளின் பழைய ஆவணங்களைத் தேடுவோருக்குத் தோட்டப் பெயரே முதல் வழியாக அமைகிறது.