ஜோஜி லா: காத்திருப்பின் வரலாறு

பனி படர்ந்த மலைச்சாலையில் வண்டி ஓட்டுவது என்றதும், சமவெளியில் வாழும் நம் மனம் உடனே ஓட்டுநரின் திறமையைத்தான் நினைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் அதலபாதாளம், மறுபக்கம் பனிச்சுவர், நடுவே ஸ்டியரிங்கைப் பற்றியிருக்கும் நடுங்காத இரு கைகள். திரைப்படங்கள் நமக்குத் தந்த சித்திரம் இது. ஸ்ரீநகரையும் லேயையும் இணைக்கும் சாலையின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தச் சித்திரம் கலைந்துவிடுகிறது. எப்போது வண்டியை எடுக்கக்கூடாது என்று தெரிந்திருப்பதும், அதற்கு எல்லோரும் கட்டுப்படும்படியான ஓர் ஏற்பாடு இருப்பதுமே அங்கே மிகுதியான உயிர்களைக் காத்திருக்கின்றன.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் வடகிழக்கில் பால்தல் என்ற இடத்திலிருந்து இச்சாலை செங்குத்தாக ஏறுகிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் ஜோஜி லாவைக் கடந்து, டிராஸ், கார்கில் வழியாக லடாக்கிற்குள் செல்கிறது. 'லா' என்றாலே லடாக்கிய மொழியில் கணவாய்தான். இமயத்தின் மற்ற பெரிய கணவாய்களோடு ஒப்பிட்டால் இது உயரம் குறைந்தது. ஆனால் அபாயம் குறைந்ததன்று. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் புயல்கள் தம் ஈரத்தின் பெரும்பகுதியை இந்த மலைத்தொடரில்தான் கொட்டிவிட்டுப் போகின்றன. மறுபுறம் லடாக் ஏறத்தாழ வறண்ட பாலைநிலமாகக் கிடக்க, இப்புறச் சரிவுகளில் பனி ஆள் உயரத்தையும் மிஞ்சிக் குவிகிறது.

மோட்டார் வண்டி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது பெருவழி. 1533ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் மிர்ஸா ஹைதர் துக்லத் தன் படையோடு லடாக்கிலிருந்து இக்கணவாயைக் கடந்தே காஷ்மீருக்குள் நுழைந்தார். பின்னாளில் வணிகர்களும் தபால் சுமப்போரும் இதே வழியில் நடந்தனர். அவர்களுக்கு ஓர் எளிய பாடம் தெரிந்திருந்தது. பின்னிரவில் புறப்பட வேண்டும். வெயில் ஏறுமுன் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். இரவின் குளிரில் இறுகிக் கிடக்கும் பனி, வெயில் பட்டதும் இளகிச் சரியத் தொடங்கும். பனி பெய்த மறுநாள் புறப்படவே கூடாது. புதுப்பனி பழம்பனியோடு ஒட்டிக்கொள்ளச் சில நாட்களாவது ஆகும்.

இப்பாதையில் முதன்முதலில் இயந்திரங்கள் பனியை எதிர்கொண்டது போரின்போதுதான். 1948 கோடையில் ஜோஜி லா பாகிஸ்தான் தரப்புப் படைகளின் வசமானது. லடாக்கிற்கான தரைவழி அறுந்துபோக, அதை மீட்கச் செப்டம்பரில் நடந்த தாக்குதல்கள் தோல்வியுற்றன. அப்போது மேஜர் ஜெனரல் திம்மையா, டாங்கிகளைக் கணவாய்க்கே ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தார். அதுவரை அங்கே இருந்தது கோவேறு கழுதைகள் செல்லும் தடம் மட்டுமே. அதை டாங்கி ஏறும் அளவுக்கு அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவினர். இராணுவ வழக்கில் அவர்களுக்குத் 'தம்பி' என்றே பெயர். பனியையே கண்டிராத தென்னாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர்.

ஏழாவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள், எதிரி அறியாதபடி மேற்கூண்டு கழற்றப்பட்டு, மூடிமறைக்கப்பட்டுப் பால்தலுக்குக் கொண்டுவரப்பட்டன. அக்டோபரில் திட்டமிட்ட தாக்குதல் மோசமான வானிலையால் தள்ளிப்போயிற்று. லடாக்கின் கதியே ஊசலாடிக்கொண்டிருந்த அந்த வேளையிலும் காத்திருந்தார்கள். நவம்பர் 1 அன்று டாங்கிகள் ஏறின, கணவாய் மீட்கப்பட்டது. அம்மாத இறுதிக்குள் டிராஸும் கார்கிலும் மீண்டன. ஜோஜி லாவின் வீரக்கதையாக இது சொல்லப்படுவது நியாயமே. அந்த வீரத்துக்குள் சில நாட்களின் பொறுமையும் அடங்கியிருப்பதை நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1960இல் எல்லைச் சாலைகள் அமைப்பு தோன்றியது. தொடர்ந்த ஆண்டுகளில் இத்தடம் லே வரை வண்டிகள் ஓடும் சாலையாயிற்று. அதன்பின் பழைய நடைப்பயணிகள் அறியாத ஓர் எதிரியும் சேர்ந்துகொண்டது: சக்கரத்தின் அடியில் உறைந்த பனிக்கட்டி. உலர்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் பிடித்த பிறகு ஏறக்குறைய 9 மீட்டரில் நின்றுவிடும். வழவழப்பான பனிக்கட்டியின் மேல் உராய்வு ஏழில் ஒரு பங்காகக் குறைய, அதே வண்டி நிற்க 60 மீட்டருக்கு மேல் வேண்டும். இதுவும் சமதளத்தில்தான். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், வண்டியைப் பிடித்து நிறுத்தும் உராய்வும் கீழே இழுக்கும் புவியீர்ப்பும் சமமாகிவிடுகின்றன. எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் அங்கே வண்டியை நிறுத்தாது. கடுங்குளிரைவிட, உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் பனிக்கட்டி இன்னும் மோசமாக வழுக்கும் என்பது நாம் எதிர்பாராத உண்மை.

மலை ஓட்டுநர்களின் விதிகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துவர வேண்டும். பிரேக்கைத் திடீரென அழுத்தலாகாது. ஸ்டியரிங்கை வெடுக்கெனத் திருப்பலாகாது. முன்வண்டியிலிருந்து வெகுதூரம் விலகி வர வேண்டும். குறுகிய மலைச்சாலையில் இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதிகளிலேயே உள்ளது. பனியில் ஏறும் வண்டி ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி நகர்வது கடினம் என்பதை அறிந்தவர்களுக்கு இது வெறும் மரியாதையாகத் தோன்றாது. சக்கரங்களில் சுற்றும் இரும்புச் சங்கிலி, 1904இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹாரி வீட் என்பவர் காப்புரிமை பெற்ற கருவி. சேற்றிலும் பனியிலும் சிக்காதிருக்க அக்கால ஓட்டுநர்கள் டயரில் கயிறு சுற்றியதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஜோஜி லாவில் அதற்கு மாற்று இல்லை.

ஆனால் சங்கிலி சக்கரத்தைத்தான் காக்கும். தலைக்கு மேலுள்ள சரிவைத் தடுக்காது. இங்கே ஒரு முரண் எழுகிறது. அதிகாலையில் மேலே பனி இறுகியிருக்கும், ஆனால் முந்தைய பகலில் உருகிய நீர் சாலையில் கண்ணாடிபோல் உறைந்திருக்கும். நண்பகலில் சாலை இளகும், மேலே சரிவும் இளகும். இவ்விரு அபாயங்களுக்கும் இடையே ஒரு நேரத்தைத் தேர்வது தனி ஓட்டுநர் ஒருவரால் ஆகிற காரியமன்று. ஆகவேதான் சோனாமார்க்கிலும் மினாமார்க்கிலும் வண்டிகளை நிறுத்திவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. சாலை சோதிக்கப்பட்ட பிறகே அனுமதி. குறுகலான காலங்களில் ஒரு நேரத்தில் ஒரு திசைக்கு மட்டுமே வழி. கடும் பனியில் நான்கு சக்கர இயக்கமும் சங்கிலியும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் இடம். வெயில் ஏறுமுன் கடந்துவிடு என்ற அந்தப் பழைய நடைப்பயணியின் அறிவே இங்கே அரசாணையாக மாறி நிற்கிறது எனலாம்.

இந்தத் தடுப்பு இல்லாதபோது, அல்லது தாமதமாக விழுந்தபோது, என்ன நேரும் என்பதற்கு வேறு சாலைகள் சாட்சி. 1995 ஜனவரியில் ஜம்மு-ஸ்ரீநகர் சாலையில் ஜவாஹர் சுரங்கத்தின் அருகே, பனிப்புயலில் சிக்கி நின்ற வண்டிகளின்மேல் பனிச்சரிவு விழுந்து பலர் மாண்டனர். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலைநகரில், பனி பார்க்க வந்த மக்கள் தம் கார்களிலேயே இரவெல்லாம் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே வண்டிகள் பள்ளத்தில் உருளவில்லை. நகரம் தாங்க முடியாத அளவுக்கு வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. சாலையை மூடும் முடிவு காலங்கடந்து வந்தது. பனி புகைபோக்கியை அடைத்துவிட, சூட்டுக்காக ஓடவிட்ட எஞ்சினின் நச்சுவாயு காருக்குள்ளேயே நிறைந்து சிலர் உயிரைப் பறித்தது. சிக்கிக்கொண்டவர் புகைபோக்கியைச் சுற்றிப் பனியை அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு கண்ணாடியைச் சற்றே இறக்கிவைக்க வேண்டும் என்ற சிறு அறிவு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

முன்பெல்லாம் ஜோஜி லா ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் மூடிக்கிடக்கும். 2023இல் அது 68 நாட்களாயிற்று. 2025இல் வெறும் 32 நாட்கள். அதே 2025 ஜனவரியில் 6.5 கிலோமீட்டர் நீளமுள்ள சோனாமார்க் சுரங்கம் திறக்கப்பட்டது. கணவாய்க்கு அடியிலேயே செல்லும் பெரிய சுரங்கத்தின் வேலை 2020இல் தொடங்கியது. நோயாளிகளும் மாணவர்களும் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த லடாக்கிற்கு இது பெரும் விடுதலை, அதில் ஐயமில்லை.

எனினும் திறந்திருக்கும் நாட்கள் கூடக்கூட, பனியைப் புதிதாகக் காண வருவோரும் கூடுவர். அவர்களிடம் நல்ல வண்டி இருக்கும், சங்கிலியும் இருக்கும். இராணுவ டாங்கிகளே வானிலைக்காகக் காத்திருந்த இடம் இது என்பது மட்டும் தெரியாமல் இருக்கலாம். சோனாமார்க்கில் தடுப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர்க்கடையில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநர்களுக்கு அது தெரியும். வழி திறக்கும் வரை அவர்கள் எழுந்திருப்பதில்லை.